முன் ஸீட்டு மரியாதை

எவால்ட் கூப்கே பிறவிக் கோபக்காரன் என்று அவனுடைய ஜெர்மன் படைப்பிரிவில் சொல்வார்கள். சுத்தப் பொய். சிலேசியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில், ஒரே கட்டிலில் மூன்று அண்ணன்மாரோடு படுத்து வளர்ந்தவனுக்குக் கோபப்பட எங்கே இடம் இருந்தது? அவனுக்குக் கோபத்தைப் பிறத்தியார்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள். ஊட்டியவர்கள் எல்லாரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்.

சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன் என்று அப்பாவிடம் அடம்பிடித்து, ஒரு சர்க்கரை ஆலை முதலாளியின் காருக்கு டிரைவரானான். முதலாளி பின் ஸீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். கையில் ஒரு பேச்சுக்குழாய் இருக்கும். அதன் மறுமுனை எவால்டின் காதுக்குப் பக்கத்தில். ‘இடது’, ‘வலது’, ‘மெதுவா’ என்று குழாய் வழியாகச் சொல்வார். பீட்ரூட் வயல் சேற்றில் சக்கரம் மாட்டிக்கொண்டால் குழாயில் வருகிற வார்த்தைகளே வேறு. மழையும் பனியும் முன்னால் இருந்த எவால்டுக்கு, கூரை பின்னால் இருந்த முதலாளிக்கு. காரில் பின் ஸீட்தான் மரியாதை ஸீட் என்று அவனுக்குப் பழகிப்போயிற்று. பிறகு ராணுவத்தில் விமானம் ஓட்டப் போனான். அங்கே முன் ஸீட்தான் மரியாதை ஸீட் என்றார்கள். மரியாதை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எவால்ட் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தான்.

அந்தக் காலத்தில் விமானம் ஓட்டுவதை அதிகாரிகள் கேவலமாக நினைத்தார்கள். எஞ்சின் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், நகக்கண் கறுக்கும், கொல்லன் பட்டறையில் இருந்து வந்தவன் போல நாறும். அதனால் ஓட்டுகிற வேலை எவால்ட் மாதிரி கீழ்மட்டக் கார்ப்பொரல்களுக்கு. மேலிருந்து எதிரியின் படையை வேவு பார்க்கிற வேலை அதிகாரிகளுக்கு. ஓட்டுபவனுக்கு ‘எமில்’ என்று பட்டப்பெயர், வேவு பார்க்கும் அதிகாரிக்கு ‘ஃப்ரான்ஸ்’. கேட்கிறவர்களுக்கு இது இரண்டு நண்பர்களின் கதை போலத் தோன்றும். நட்பாவது மண்ணாவது. எமில் வண்டிக்காரன், ஃப்ரான்ஸ் எஜமான். எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எந்த வயலில் இறங்க வேண்டும் எல்லாம் ஃப்ரான்ஸ் சொல்வார். எமில் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

எவால்ட் முதலில் ஓட்டிப் பழகியது புறா வடிவத்தில் ஒற்றை இறக்கை வைத்த விமானம். பார்க்க அழகு, காற்றடித்தால் அழுகை. பிறகு இரட்டை இறக்கை விமானங்கள் வந்தன. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் மரக்கால்கள், குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள். முதல் நாள் அதை ஓட்டிவிட்டு இறங்கியபோது எவால்டுக்கு அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அத்தனை நிதானம். திருப்புகிற சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சட்டைப்பையில் இருக்கிற ரொட்டியைத் தின்னலாம், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வேவு பார்க்க அதுதானே வேண்டும்? ஆட்டம் போடுகிற விமானத்தில் உட்கார்ந்து எவனாலும் பீரங்கிகளை எண்ண முடியாது.

அந்த விமானத்தில் முன் ஸீட் எஞ்சினுக்குப் பின்னால், இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் இருந்தது. எவால்டின் ஸீட் அதற்கும் பின்னால். அப்படி வைத்ததற்குக் காரணம் எடை. விமானத்தின் பாரம் சமமாக நிற்கிற இடம் முன் ஸீட். அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானம் ஒரே மாதிரி பறக்கும், ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வைத்தாலும் பறக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்னால் உட்காருபவருக்கு நேர் கீழே இறக்கை மறைத்துக்கொண்டிருக்கும், எட்டி எட்டித்தான் பூமியைப் பார்க்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கோ பிரான்ஸ் தேசம் முழுக்கத் தெரியும். ஆனாலும் அதிகாரிகள் முன் ஸீட்டை விடவில்லை. எடைக்காக வைத்த ஸீட்டைத் தங்கள் பரம்பரைக்காக வைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்களில் தலைவன் லெப்டினன்ட் ஃபோன் தார்னோ. ‘தலைவர்’ என்று எழுதத்தான் வேண்டும், எனக்குக் கை வரவில்லை. பொமரேனியாவில் பெரிய பண்ணை, குதிரைப்படையில் வேலை. போர் தொடங்கி எல்லாரும் பதுங்கு குழிக்குள் இறங்கியதும் குதிரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவனை விமானப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் குதிரைச் சவுக்கோடுதான் வந்தான். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் முன் ஸீட்டில் இருந்தபடி சவுக்கை நீட்டுவான். இடது பக்கம் நீட்டினால் இடது, வலது பக்கம் நீட்டினால் வலது. விமானத்தின் பக்கப் பலகையில் தட்டினால் வேகம் போதாது என்று அர்த்தம். ஒரு குளிர்காலம் முழுக்க எவால்ட் அந்தச் சவுக்கைப் பார்த்துத்தான் விமானம் ஓட்டினான். பேச்சுக்குழாயே தேவலை என்று இருந்தது.

தார்னோ கோழை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கீழே இருந்து பீரங்கி வெடித்துப் பக்கத்தில் புகைப்பூ பூத்தால் அதைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வான். எவால்டுக்கு அதிலும் எரிச்சல்தான். வணக்கம் சொல்கிறவனுக்கும் சேர்த்து விமானத்தைத் திருப்பித் தப்பிக்கிற வேலை யாருக்கு?

போரின் முதல் இலையுதிர்காலத்தில் எதிரி விமானமும் நம் விமானமும் வானத்தில் எதிரெதிரே வந்தால் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டு போனார்கள். பிறகு யாரோ ஒருவன் துப்பாக்கியைக் கொண்டுபோனான். வசந்தம் வந்தபோது பிரெஞ்சுக்காரன் இயந்திரத் துப்பாக்கியோடு வந்துவிட்டான். அவன் விமானத்தில் எஞ்சின் பின்னால், விமானத்தின் மூக்கிலேயே சுடுகிறவன் இருப்பான். முன்னால் மறைக்க ஒன்றுமில்லை. நம் பழைய விமானத்தில் முன் ஸீட்காரனுக்கு முன்னே புரொப்பல்லர், மேலே இறக்கை, கீழே இறக்கை, சுற்றிலும் கம்பி. கோழிக்கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் சுடுவது? சுட்டாலும் ஒரு சாதாரணத் துப்பாக்கி. அந்த மாதத்தில் எவால்டின் பிரிவில் இரண்டு விமானங்கள் திரும்பி வரவில்லை. இரண்டையும் பின்னால் இருந்து வந்துதான் அடித்தான்.

அதன் பிறகுதான் புது விமானம் வந்தது. ரயிலில் இறக்கை தனியாக, உடம்பு தனியாக வந்து இறங்கியதும் மெக்கானிக்குகள் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவன் பப்பெண்டிக், கிழக்குப் பிரஷ்யாக்காரன். தோலில் எண்ணெய் ஊறி ஊறி, குளித்தாலும் போகாத கறுப்பு. அவன் வயலில் ரொட்டி தின்றுகொண்டிருந்த எவால்டைக் கூப்பிட்டான்.

“டேய் எவால்ட், அதைக் கீழ வச்சிட்டு இங்க வா. உனக்குப் பொண்ணு பார்த்து வச்சிருக்கேன்.”

“எனக்கு ஏற்கனவே பொண்டாட்டி இருக்கா அண்ணே.”

“ஹெட்விக் கோச்சுக்க மாட்டா. வந்து பாரு. எஞ்சின் பழசை விட பாதிக்குப் பாதி பெலம் கூட. அப்புறம் இதைப் பாரு. ஸீட்டை மாத்திட்டானுங்க! நீ முன்னாடி. வேவு பாக்குறவரு பின்னாடி. அவரைச் சுத்தி ஒரு இரும்பு வளையம், அதுல மெஷின் கன். அப்படியே சுழல வேண்டியதுதான். இடது, வலது, மேல, வால் பக்கம். எவன் பின்னாடி வந்தாலும் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போவான்.”

எவால்ட் அந்த வளையத்தைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் ஒரு கண், அந்தக் கண்ணுக்கு ஒரு துப்பாக்கி. குளிர்காலம் முழுக்க எந்த நேரம் முதுகில் குண்டு பாயுமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டே ஓட்டியவன் அவன். உயிரோடு ஊருக்குத் திரும்பி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கராஜ் போடுவது என்று ஹெட்விக்கிடம் சொல்லி வைத்திருந்தான். இந்த வளையம் இருந்தால் அது நடக்கும் என்று முதல்முறையாக நம்பினான்.

“யாருக்காம் அண்ணே இது?”

“கேப்டன் உனக்கும் உன் சவுக்குக்காரனுக்கும்தான் சொல்லியிருக்காரு. நீங்கதானே இங்க பழைய ஜோடி.”

மறுநாள் காலை கேப்டன் வில்ட்ஹாகன் புது விமானத்தைக் காட்ட தார்னோவை அழைத்துக்கொண்டு வந்தார். கேப்டன் நல்லவர், சிறு நகரம் ஒன்றின் மருந்துக்கடைக்காரர் மகன். அதுதான் கோளாறு. தார்னோவின் பெரியப்பா படைத் தலைமையகத்தில் ஜெனரல். தார்னோவிடம் பேசும்போது கேப்டனுக்குத் தான் கேப்டன் என்பது மறந்துவிடும்.

தார்னோ விமானத்தைச் சுற்றி வந்தான். எஞ்சினைத் தட்டிப் பார்த்தான். பின் ஸீட்டை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“இது யாரு ஸீட்?”

“உங்களோடதுதான் தார்னோ. துப்பாக்கி உங்க கையில. முழுக் காவலும் உங்க பொறுப்பு,” என்றார் கேப்டன்.

“முன்னாடி?”

“முன்னாடி கூப்கே.”

தார்னோ சிரித்தான். யாரோ நல்ல ஜோக் சொன்னதுபோலச் சிரித்தான். “கேப்டன், நீங்க விளையாடுறீங்க. நான் அந்த டிரைவரோட முதுகைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா? அவன் என்னை எங்கயோ கூட்டிக்கிட்டுப் போவான், நான் மூட்டை மாதிரி பின்னாடி போவேனா? எங்க வீட்டு வண்டியில பின்னாடி நின்னுக்கிட்டு வர்றது வேலைக்காரன்.”

“இதுல நிலைமை வேற, தார்னோ...”

“வரைபடம் பார்த்து வழி சொல்லணும்னா நான் முன்னாடி இருக்கணும். பின்னோக்கி உக்காந்து எவன் வழி சொல்லுவான்? வேணும்னா என் பெரியப்பா கிட்டயே கேட்டுருவோம்.”

வரைபடம்! எவால்ட் நாலடி தள்ளி விறைப்பாக நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டான். அந்த மனுஷன் வரைபடத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு திரும்புகிற வழியில் இரண்டு தடவை எதிரி பக்கம் ஓட்டச் சொன்னவன். எவால்டின் கை காற்சட்டையின் தையலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா பேச்சு வந்ததுமே கேப்டன் தன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு புது விமானத்தை வேறொரு ஜோடிக்குக் கொடுத்தார். தார்னோ பழைய விமானத்திலேயே போகலாம் என்றார். ‘போகலாம்’ என்று தார்னோவைப் பார்த்துச் சொன்னார். எவால்டும் அதில்தான் போக வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று எவால்ட் ஒரு ஸ்பானரை எறிந்து கூடாரக் கம்பத்தில் வடு உண்டாக்கினான். பப்பெண்டிக் அதைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தான்.

“கம்பம் என்ன பாவம் பண்ணுச்சு? போய் அந்தாளு கிட்டப் பேசு,” என்றான்.

“பேசினா மட்டும்?”

“பேசாம இருந்தா மட்டும்?”

எவால்ட் முதலில் கேப்டனிடம் போனான். சல்யூட் அடித்துவிட்டு, பழைய விமானத்தில் பின்னால் வருகிறவனைச் சுட முடியாது என்றும், போன இரண்டு ஜோடியும் அப்படித்தான் போனார்கள் என்றும், தனக்கு வேறு எந்த அதிகாரியோடும் புது விமானத்தில் போகச் சம்மதம் என்றும் சொன்னான். கேப்டன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் பரிதாபம்கூட இருந்தது.

“நீ சொல்றது எனக்குத் தெரியாதா கூப்கே? ஆனா ஃப்ரான்ஸை எமில் தேர்ந்தெடுக்குற வழக்கம் எந்த ஊர்லயும் கிடையாது. போ. ஜாக்கிரதையா ஓட்டு.”

ஜாக்கிரதையாக! முதுகில் கண் முளைக்கவைத்துக்கொண்டு ஓட்டு என்று சொல்லியிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும். தெரியாமல் செய்கிறவனை மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டு பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது?

பிறகு தார்னோவிடமே போனான். தார்னோ அதிகாரிகள் தங்கியிருந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பூட்ஸைத் துடைக்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“லெப்டினன்ட் ஐயா, ஒரு விண்ணப்பம்ங்க.”

“சொல்லு.”

“அந்தப் புது விமானத்துல நீங்க பின்னாடி உக்காந்தா ரெண்டு பேர் உசிரும் தப்பும்ங்க ஐயா. ஐயாவோட உசிரும்தான்.”

தார்னோவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எவால்டை வருஷக்கணக்கில் எரித்தது. அவன் அன்பாகப் பேசினான்.

“இங்க பாரு கூப்கே. உசிருன்னா உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நான் அதைப் பத்திக் கவலைப்படுறேனா? எங்க வம்சத்துல எவனும் முதுகைக் காட்டிக்கிட்டு சண்டைக்குப் போனதில்லை. நீ நல்லா ஓட்டுற. பயப்படாத. நான் முன்னாடி இருக்கேன்ல.”

சொல்லிவிட்டு ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தான். எவால்ட் அதை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க முடியாது. திரும்பும் வழியில் அதைப் பிய்த்துப் பிய்த்து வாய்க்காலில் போட்டான்.

புது விமானம் வாங்கிய ஜோடி முதல் வாரத்திலேயே ஒரு பிரெஞ்சுக்காரனைத் துரத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பியது. அதே வாரத்தில் எவால்டும் தார்னோவும் பழைய விமானத்தில் எதிரியின் ரயில் பாதையை வேவு பார்க்கப் புறப்பட்டார்கள். தெளிவான காலை. தார்னோ சவுக்கை நீட்டினான், எவால்ட் திருப்பினான். கீழே ரயில் பெட்டிகள் கருநீலமாக வரிசையில் நின்றன. தார்னோ இறக்கைக்கு வெளியே உடம்பை வளைத்து எட்டி எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தான். எவால்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் தெரிந்தது. அவன் பெட்டிகளைப் பார்க்கவில்லை. கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் அவன்தான் முதலில் கண்டான். மேலே, பின்பக்கம், சூரியனுக்குள் இருந்து ஒரு பிரெஞ்சு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. எவால்ட் கத்தினான். கத்தல் எஞ்சினில் கரைந்தது. விமானத்தை ஒரு குலுக்குக் குலுக்கினான். தார்னோ கோபமாகத் திரும்பினான். எவால்ட் கட்டைவிரலால் பின்னால் காட்டினான்.

விமானத்தைச் சாய்த்துத் திருப்பினான் எவால்ட். அந்த நல்ல விமானம், ரொட்டி தின்ன விட்ட விமானம், நிதானமாகத் திரும்பியது. நிதானத்துக்காகவே செய்த விமானம் அல்லவா? சட்டென்று திரும்பு என்றால் அதற்குத் தெரியாது. அவன் நேசித்த குணமே அவனைக் கொல்லப் பார்த்தது.

தார்னோ துப்பாக்கியை எடுத்தான். முன்னால் சுட வழியில்லை. அதனால் ஸீட்டின் மேல் முழங்காலிட்டு, பின்பக்கம் திரும்பி, எவால்டைப் பார்த்தபடி நின்றான். ஆமாம், பின்னோக்கித்தான். எந்தப் பக்கம் திரும்பி உட்கார மாட்டேன் என்றானோ அந்தப் பக்கம்தான். துப்பாக்கி முனை எவால்டின் தலைக்கு மேல் நீண்டது.

“குனி! தலையைக் குனி!” என்று வாயசைத்தான்.

எவால்ட் குனிந்தான். வலது காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கி வெடித்தது. மறுபடி வெடித்தது. காதுக்குள் ஊசி குத்தியதுபோல ஏதோ கிழிந்து, அதன் பிறகு அந்தப் பக்கம் உலகமே இல்லாமல் போயிற்று. பிரெஞ்சுக்காரனின் இயந்திரத் துப்பாக்கிச் சத்தம் இடது காதில் மட்டும், தையல் மெஷின் மாதிரிக் கேட்டது. இறக்கைத் துணி கிழிந்து படபடத்தது. ஒரு கம்பி அறுந்து சாட்டையாக வீசியது.

குனிந்தபடியே எவால்டுக்கு விஷயம் விளங்கியது. தார்னோவுக்கும் அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கும் நடுவில் இருக்கிற ஒரே தடுப்பு தன் முதுகுதான். முன் ஸீட்டு மரியாதையின் முழு விலை அதுதான். எஜமான் நிமிர்ந்து நின்று வீரமாகச் சுடுவார், அவருக்கு வருகிற குண்டை வண்டிக்காரன் முதுகு வாங்கிக்கொள்ளும். அந்த நிமிஷத்தில் அவனுக்குப் பிரெஞ்சுக்காரன்மேல் துளிக் கோபமில்லை. பாவம், அவன் தன் வேலையைச் செய்கிறான். எதிரே முழங்காலிட்டிருந்த அந்தச் சிவந்த, சந்தோஷமான முகத்தை ஓங்கி அறைய வேண்டும் என்றுதான் இருந்தது.

முதல் குண்டு வலது தோளைப் பிளந்தது. அடுத்தது தொடையில். விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திக் கிட்டத்தட்ட விழுவதுபோல இறங்கினான். பிரெஞ்சுக்காரன் நம் பீரங்கிகளைக் கண்டு திரும்பிப் போனான். இடது கையால் சக்கரத்தைப் பிடித்து, நம் பக்கத்து வயல் ஒன்றில் தரையைத் தொட்டது வரை எவால்டுக்கு நினைவிருந்தது. தார்னோ கீழே குதித்து, “சபாஷ்! நல்லா நின்ன கூப்கே!” என்று கத்தியதும் இடது காதில் விழுந்தது. தார்னோவின் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ஒரு மடத்துப் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அங்கே வாரக்கணக்கில் கிடந்தான். தோள் எலும்பு ஒட்டியது, ஆனால் கை தோளுக்கு மேல் எழாது என்றார் டாக்டர். வலது காது போனது போனதுதான். பப்பெண்டிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு முழ நீளச் சாஸேஜைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போனான். தார்னோவுக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம் கிடைத்துவிட்டது என்பதையும் அவன்தான் சொன்னான். எவால்டுக்குச் சார்ஜென்ட் பதவியும் இரண்டாம் வகுப்புச் சிலுவையும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

பிறகு ஒரு நாள் தார்னோவே வந்தான். மார்பில் சிலுவை, கையில் சுருட்டுப் பெட்டி. வார்டில் கிடந்தவர்கள் எழ முடிந்த அளவுக்கு எழுந்து விறைத்தார்கள். அவன் எவால்டின் கட்டில் ஓரத்தில், இடது பக்கமாக, நிஜமான பிரியத்தோடு உட்கார்ந்தான்.

“எப்படி இருக்க? சீக்கிரம் தேறிரு. ஒரு நல்ல சேதி சொல்றேன், சந்தோஷப்படுவ. நான் இப்ப புது விமானத்துலதான் போறேன். அடடா, என்ன துப்பாக்கி, என்ன சுழற்சி! போன வாரம் ஒருத்தனை இறக்கிட்டேன்.”

எவால்ட் சரியாகக் கேட்டோமா என்று தலையைத் திருப்பினான். “பின் ஸீட்லயாங்க ஐயா?”

“பின்ன? துப்பாக்கி அங்கதானே இருக்கு.”

“முன்னாடி யாருங்க?”

“என் மச்சான். தங்கச்சி புருஷன், ஃபோன் ப்ரெட்டோ. அவனும் குதிரைப்படைதான். இப்ப விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு வந்திருக்கான். இப்பல்லாம் நல்ல குடும்பத்துப் பசங்களே ஓட்ட வர்றாங்க, தெரியுமா?”

எவால்ட் மெதுவாகக் கேட்டான். “அவரு முதுகைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறது ஐயாவுக்குக் கஷ்டமா இல்லைங்களா?”

“முதுகா? யாரு முதுகு?” தார்னோவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “நான் வால் பக்கம் பார்த்துல்ல உக்காந்திருக்கேன். அவன் முதுகு எனக்கு எங்க தெரியப் போகுது? வானம்தான் தெரியும்.”

“அப்ப என் முதுகும் தெரிஞ்சிருக்காதுங்களே ஐயா.”

“என்னது?”

“அந்த வசந்தகாலத்துல, அதே விமானத்துல நான் முன்னாடி இருந்திருந்தா.”

தார்னோ யோசித்தான். நேர்மையாக யோசித்தான், அதுவும் உண்மை. பிறகு புரிந்ததும் முகம் மலர்ந்தது. எவால்டின் கட்டுப்போட்ட தோளை மெல்லத் தட்டினான்.

“அட, அது வேற விஷயம்ப்பா. அவன் எங்க ஆளு.”

அவ்வளவுதான். வரைபடம் இல்லை, வம்சத்தின் வீரம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எவால்டின் தோளும் தொடையும் காதும் போனது இதற்காகத்தான். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வெட்கம்கூட வரவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

எவால்ட் இடது கையால் சுருட்டுப் பெட்டியை எடுத்துச் சுவரில் அடித்தான். சுருட்டுகள் வார்டு முழுக்க உருண்டன.

“எழுந்திருடா,” என்றான். அந்த வார்டில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. “என் கட்டில்ல இருந்து எழுந்திரு! உன் மானத்துக்கு என் முதுகைக் கேடயமாப் பிடிச்ச. இப்ப வந்து தட்டிக் குடுக்குற. போடா வெளிய! இந்தச் சுருட்டையும் பொறுக்கிக்கிட்டுப் போ!”

விறைத்துக் கிடந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. தாதி வாசலில் கையில் தட்டோடு நின்றுவிட்டாள். தார்னோ எழுந்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை, வெறும் திகைப்பு. நன்றாகப் பழக்கிய குதிரை உதைத்துவிட்டால் வருகிற திகைப்பு. காய்ச்சலில் உளறுகிறான் என்று தாதியிடம் சொல்லிவிட்டுச் சுருட்டுகளை மிதிக்காமல் நடந்து போனான்.

மறுநாள் கேப்டன் வில்ட்ஹாகன் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, அதே பரிதாபமான முகத்தோடு பேசினார்.

“தார்னோ பெருந்தன்மையா காய்ச்சல்னு சொல்லிட்டாரு. நீயும் ஆமா காய்ச்சல்தான், மன்னிச்சுருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. விஷயம் முடிஞ்சது. சார்ஜென்ட் பதவி, சிலுவை ரெண்டும் வந்துரும். சார்ஜென்டுக்கு ஓய்வூதியமும் கூட. உன் சம்சாரத்தை நினைச்சுப் பாரு.”

“எனக்குக் காய்ச்சல் இல்லைங்க ஐயா.”

“கூப்கே...”

“சார்ஜென்ட் பதவியும் சிலுவையும் இருக்கட்டும்ங்க ஐயா. அவங்க ஆளுக்கே குடுத்துருங்க.”

கேப்டன் கையுறையைக் கழற்றினார், மாட்டினார். பிறகு எழுந்து போனார். எவால்ட் அந்த இலையுதிர்காலத்தில் கார்ப்பொரலாகவே ஊர் திரும்பினான்.